அப்பாவுக்கு அளவெடுத்த குளியலறை

என் மனைவி தையல்காரி. அளவு கொடுக்க வருகிறவர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால் அவளுக்குப் பிடிக்காது. மூச்சை விடச் சொல்லி அதட்டிவிட்டுத்தான் இஞ்ச் டேப்பைச் சுற்றுவாள். அப்படிப்பட்டவள் குளியலறையையும் ஆளுக்கு அளவெடுத்துத்தான் கட்ட வேண்டும் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

உண்மையில் அது சிரிக்கிற சமாச்சாரமும் இல்லை. என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் பாதிதான் சொன்ன பேச்சைக் கேட்டன. எங்களோடு வந்து தங்கியவர், வந்த வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். தானாகக் குளிக்க முடிந்தால் இங்கே இருப்பார். முடியாவிட்டால் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவார். அங்கே குளிப்பாட்டுகிறவர்கள் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள், அவர்களிடம் கூச்சம் இல்லை. மகளும் மாப்பிள்ளையும் தன்னை அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம் என்றார். மனிதர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர மாட்டார். வந்த நாளிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி அதைப் பார்த்துப் பார்த்துச் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பழைய குளியலறை அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. குழாய் வலது பக்கம், அலமாரி தலைக்கு மேலே, தரை வழவழவென்று. கடையில் கைப்பிடிகள் விற்கிறார்களே, நாலு வாங்கி மாட்டிவிடலாம் என்றேன். ரெடிமேட் அப்பாவுக்குச் சேராது என்று ஒரே போடாகப் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவை ஓரங்கட்டிவிட்டு, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் கூடத்துத் தரையில் முழு அளவில் ஒரு குளியலறையை வரைந்தாள். நடுவில் முக்காலி, பக்கத்தில் காலி வாளி. போட்டிருந்த சட்டையும் தடித்த மூக்குக் கண்ணாடியுமாக அப்பாவை உட்கார வைத்து, குளிப்பது போலச் செய்து காட்டச் சொன்னாள். மாமனார் என்னைப் பார்த்தார். நான் மரியாதையாக அடுக்களைக்குள் போய், அங்கிருந்து எட்டிப் பார்த்தேன்.

அவர் முதலில் முகம் பார்க்கிற கண்ணாடி எதுவும் கேட்காமல், கன்னத்தை விரலால் தடவித் தடவிச் சவரம் செய்தார். அப்புறம் பாதத்துக்குத் தண்ணீர், முழங்காலுக்கு, கடைசியில்தான் தலைக்கு. எல்லாம் முடிந்ததும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போன காலத்திலிருந்தே அப்படித்தானாம். அந்தச் சும்மா இல்லாவிட்டால் குளித்த மாதிரியே இருக்காதாம். அவள் டேப்போடு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உட்கார்ந்தால் தோள் எவ்வளவு உயரம், இடது கை எதுவரை எட்டுகிறது, எழுந்திருக்க எங்கே பிடித்தால் வசதி என்று ஒன்று விடாமல் அளந்தாள். கட்ட வந்த கொத்தனாரிடம், சும்மா உட்காருவதற்கென்றே குளிக்கிற மேடையை ஜன்னலை ஒட்டி நீட்டச் சொன்னாள். இடம் வீணாகிறதே என்று கொத்தனார் இழுத்தார். அவள் விடவில்லை.

கட்டி முடிந்ததும் போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற சுவர், பிடித்துக்கொள்ளப் பளபளக்கும் எஃகுக் கம்பிகள், சொரசொரப்பான வெள்ளைத் தரை. வாய்விட்டுச் சொன்னால் அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று பேசாமல் இருந்தேன். ஆனால் அசந்துதான் போனேன்.

மறுநாள் காலை மாமனார் உள்ளே போனார். சவரம் செய்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. தண்ணீர் விழவில்லை. நானும் அவளும் கதவருகே போய் நின்றோம்.

"அம்மாடி, எனக்கு இங்க ஒண்ணுமே தெரியல," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கூடத்தில் குளித்துக் காட்டியபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. இப்போது சவரம் முடிந்ததும் கழற்றி, கதவோரத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய் மேடையில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு வெள்ளைச் சுவரும் எஃகுக் கம்பியும் ஒரே புகைமூட்டம். திரும்பி எழுந்து வர வேண்டுமென்றாலும் கம்பி தெரிந்தாக வேண்டும்.

நான் கதவைத் தள்ளப் போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே போனால் கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் அன்றைக்கே அவர் பெட்டி கட்டிவிடுவார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, பாக்காதீங்க. தோளுக்கு நேரா இடது கைய நீட்டுங்க. அங்க சோப்பு இருக்கும்."

சுவரில் கை தடவுகிற சத்தம் கேட்டது.

"இருக்கு."

"அப்படியே கைய முழங்கால் வரைக்கும் இறக்குங்க. குழாய்."

"ம்."

"எந்திரிக்கிறப்போ முன்னால கைய நீட்டுங்க. முழுசா நீட்ட வேண்டாம், முழங்கைய லேசா மடக்கி. கம்பி அங்கதான் இருக்கும், உங்க கைக்குத்தான் வச்சிருக்கேன்."

எந்தத் தாளையும் பார்க்காமல், தன் கையைக் காற்றில் நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் உடம்பின் அளவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இவளையா கிண்டல் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"போதும்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போங்க."

வெகுநேரம் கழித்து, கண்ணாடியும் புதுச் சட்டையுமாக வெளியே வந்தார். துண்டு இன்னும் தலையில் இருந்தது. கம்பிக்கெல்லாம் சிவப்புத் துணி சுற்றித் தருகிறேன், நன்றாகத் தெரியும் என்று அவள் அவசர அவசரமாகச் சொன்னாள்.

"எதுக்கும்மா? கைக்கே தெரியுது."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, இனிமே காலைல நான்தான் முதல்ல குளிப்பேன். எனக்கு நேரமாகும். நீங்க அப்புறமா போய்க்கோங்க."

சரி மாமா என்றேன். எத்தனை வருஷத்துக்கு வேண்டுமானாலும் காத்திருக்கத் தயார் என்று சொல்ல நினைத்தேன். அவள் விடுவிடுவென்று தையல் இயந்திரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து, யாருடைய துணியையோ எடுத்து வைத்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோர்க்க அவளால் முடியவில்லை. நான்தான் கோர்த்துக் கொடுத்தேன்.