இந்திராவின் சனிக்கிழமை

1

"என்ர சனிக்கிழமை என்ன, உன்ர பிள்ளையளின்ர மார்க்கோ?"

"கத்தாதேங்கோ அக்கா. கையெழுத்து வச்சது நீங்கள்தானே?"

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான்: சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற இடத்தில், எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு முன்னால். நான் ஒட்டுக்கேட்கவில்லை. காலுறை எடுக்கப் போனேன். [அன்று என் முறை இல்லை. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.]

கத்தியவர் மூன்றாம் மாடி இந்திரா. திங்கள் முதல் வெள்ளி வரை முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. மற்றவர் ஜெனனி, கல்லூரியில் சமூகவேலை படிப்பிப்பவர். 'அன்றாடச் சமூகப் பிரச்சினை ஒன்றைத் தீர்த்துக் காட்டுக' என்று மாணவர்களுக்குப் பரீட்சை வைத்தவரும் அவர்தான்.

2

தீர்த்தார்கள். அவர்கள் எடுத்தது எங்கள் மெஷின் முறை: வீட்டுக்குக் கிழமையில் ஒரு நாள், இந்திராவுக்குச் சனி. கீழ்வீட்டு சுவிஸ் அம்மா சனிக்கிழமை தனக்கு வேண்டும் என்று முறையிட்டார். மாணவர்கள் இந்திராவைச் செவ்வாய்க்கு மாற்றிப் புதுப் பட்டியல் போட்டார்கள். அவர்களில் யதுஷாவும் மதுஷனும் மூன்றாம் மாடி ஏறிக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

"விருப்பமில்லாட்டி ஏன் வச்சனீங்கள்?" என்றார் ஜெனனி.

"வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்ச பிள்ளையளோட சண்டை பிடிக்கிறதோ? அதுதான் உன்னைக் கீழ கூப்பிட்டனான்."

ஜெனனியின் முகம் [இங்கே ஓர் உவமை இருந்தது, எடுத்துவிட்டேன்]

"ஒரு கிழமை பொறுங்கோ அக்கா. மார்க் போட்டு முடியட்டும்."

"செவ்வாய்க்கிழமை நான் வேலையில. உடுப்புத் தானா நடந்து கீழ வருமோ? நானொரு பிரச்சினையோ, இவை வந்து தீர்க்க?"

சொன்ன கையோடு தோய்க்கும் அறையைப் பூட்டும் திறப்பைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்தார்.

3

முதலில் எழுதிய முடிவு: இந்திரா மனமிரங்கி விட்டுக்கொடுக்க, எல்லோரும் சேர்ந்து வடை... இல்லை. படித்தால் என் கதவைத் தட்டுவார்.

இரண்டாவது: ஜெனனி எல்லோரையும் பெயிலாக்கி... அதுவும் பொய்.

நடந்தது இதுதான். ஜெனனி படிக்கட்டில் குந்தி யதுஷாவுக்குப் போன் எடுத்தார். "கீழ்வீட்டு அம்மா பென்ஷன்காரி, ஏழு நாளும் வீட்டில. அவவுக்கு ஏன் சனி எண்டு கேட்டனீங்களோ?"

ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

சுவரிலிருந்த புதுப் பட்டியலைக் கிழித்தது ஜெனனிதான். மாணவர்களுக்கு எத்தனை மார்க் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். நீங்களே போடுங்கள்.

பிறகு, கீழ்வீட்டு அம்மா மகளோடு இருக்கப் பாடன் நகருக்குப் போனார். யதுஷா மதுஷனையே கட்டிக்கொண்டு எம்மன்புரூக்கே என்ற ஊருக்குப் போனாள். ஜெனனி வேறு கல்லூரிக்கு மாறினார்.

இந்திரா எங்கும் போகவில்லை.