தைஸ்தோவுக்குத் துப்பாக்கி தேர்ந்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னால், கௌதாரி வேட்டைக்கென்று என் நண்பன் தைஸ்தோவுக்கு ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி தேர்ந்துகொடுத்தேன். நல்ல துப்பாக்கி. அதைத் தேர்ந்தெடுத்த மும்முரத்தில் அவனைச் சாகவிட்டேன். குண்டு பட்டுச் சாகவில்லை, குழல் வெடித்தும் சாகவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் போலீஸ் வந்திருக்கும், எல்லோருக்கும் தெரிந்திருக்கும், நான் கதை எழுத வேண்டியிருந்திருக்காது.

என் பெயர் பரஞ்சோதி. மிச்சிகனின் வடக்கு மூலையில் இரும்புச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. ஊரில் பாதிப்பேர் பின்லாந்து வம்சம். என் பெயரை ஜோதி என்று சுருக்கிச் சொன்னேன். அன்றைக்கு இருந்த பெரியவர்கள் வாயில் அது யோத்தி ஆனது, அப்படியே நின்றுவிட்டது. துப்பாக்கியின் மரக்கட்டையை ஆளுக்குத் தக்கபடி அளவெடுத்து வளைத்துக் கொடுப்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்கினேன். சுரங்கத்தைவிட அதுதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

நான்கு முறை தொடங்கிப் பார்த்தேன். அடித்த வரிகளை அப்படியே விட்டுவைக்கிறேன்.

செப்டம்பரில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகத் திரும்பும் வேளையில் – (இலையை வர்ணிக்க ஆரம்பித்தால் ஒரு பக்கம் ஓட்டிவிடலாம். ஓட்டத்தான் பார்த்தேன்.)

தைஸ்தோவைப்போல ஒரு தங்கமான மனிதனை – (தங்கமெல்லாம் இல்லை. இரவல் வாங்கிய ரம்பத்தைத் திருப்பித் தரவே மாட்டான்.)

மருத்துவர்கள் சொல்வதைப் பார்த்தால் – (இது கடைசியில் வர வேண்டியது.)

நான்காவது கீழே இருக்கிறது.

2

காட்டுக்குள் கௌதாரி சுடுகிறவனுக்கு எந்தத் துப்பாக்கி சரி என்று கேட்டால் எங்கள் ஊரில் கல்யாணமே நின்றுபோகும் அளவுக்குச் சண்டை வரும். குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. ஒன்றன்மேல் ஒன்று இருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. பறவை காலடியிலிருந்து படபடவென்று எழும்பும், இரண்டு நொடியில் மரத்துக்குப் பின்னால் போய்விடும். முதல் குழல் ஈய ரவையை அகலமாகச் சிதறவிட வேண்டும், கிட்டத்துக்கு. இரண்டாவது குழல் கொஞ்சம் இறுக்கமாக, தூரத்துக்கு. எந்தக் குழல் என்று விரலே முடிவுசெய்யும்படி இரண்டு விசைகள் வேண்டும். நாள் முழுக்கத் தூக்கி நடக்க ஆறு பவுண்டுக்கு மேல் கூடாது.*

* இவ்வளவும் சரி. இன்றைக்கும் இதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

இதையெல்லாம்விட முக்கியம் அளவு. பறக்கும் பறவையைக் குறிபார்க்க நேரமில்லை. கண் எங்கே பார்க்கிறதோ அங்கே குழல் தானாகப் போக வேண்டும். ஆகவே ஒருவன் குறி தவறினால் எங்கள் ஆட்கள் அவனைச் சந்தேகப்படுவதில்லை, கட்டையைச் சந்தேகப்படுவார்கள். நானும் அப்படித்தான்.

3

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை தைஸ்தோ பட்டறைக்குள் வந்தான். ஐம்பத்தொன்பது வயது. பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன். தன் பழைய பன்னிரண்டு கேஜ் துப்பாக்கியை மேசையில் தொப்பென்று போட்டான்.

"இது செத்துப்போச்சுடா யோத்தி. நேத்து கிளப்புல சுட்டுப் பழக இருபத்தஞ்சு களிமண் தட்டு மேல வீசினானுங்க. உடைஞ்சது நாலு. சிரிக்கிறானுங்கடா எல்லாப் பயலும்."

"நாலாவது உடைஞ்சுதே. பயந்து தானா உடைஞ்சிருக்கும்."

"கிண்டல் பண்ணாத. தட்டு மேல எழும்புறப்போ ரெண்டாத் தெரியுது. எதைச் சுடறதுன்னே புரியல."

"அதுக்குத்தானேடா ரெண்டு குழல் குடுத்திருக்கான்!"

சிரித்துச் சிரித்து இருமினான். நானும் சிரித்தேன். (தைஸ்தோ தமிழ் பேசியவனில்லை. ஆனால் அவன் பேச்சு என் காதில் இப்படித்தான் இருக்கிறது. அந்தப் பதிலை நான் சொன்ன மொழியில் எழுதிப் பார்த்தேன், தாங்கவில்லை. தமிழிலும் தாங்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.)

"கண்ணுக்குப் பின்னால வேற குத்திக்கிட்டே இருக்கு," என்றான்.

"பன்னெண்டு கேஜ் உதைக்கிற உதைக்குக் குத்தாம என்ன செய்யும்? உனக்கு இருபதுதான் சரி."

ஸ்பெயின்காரன் செய்த இருபது கேஜ் ஒன்று என்னிடம் இருந்தது (கேஜ் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும், உதையும் குறையும்). கம்பி மாதிரி மெலிந்தது, இரண்டு விசை. எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்து, மூடி, தோளுக்கு ஏற்றினான். முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு அளவு பார்த்தோம். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு முறை உண்டு. குழல் காலி என்று இருவரும் மூன்று தரம் பார்த்துக்கொள்வோம். வாங்குகிறவன் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, பிறகு கண்ணைத் திறந்து என் கண்ணையே குறிபார்க்க வேண்டும். நான் குழல்முனைக்கு எதிரே நின்று, இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் கோட்டின்மேல் அவன் கண்மணி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

உட்கார்ந்திருக்கவில்லை. வலது கண் வெளிப்பக்கம் ஒதுங்கியிருந்தது. இமை லேசாகச் சரிந்திருந்தது. இடது கண்ணின் கறுப்புப் புள்ளி கடுகளவு, வலதில் மிளகளவு.

இவ்வளவையும் பார்த்தேன். வேறு யாரும் அவன் கண்ணை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவன் மனைவி ஹெல்மிகூட.

"நேத்து சவுனாவுல ஆவி பிடிக்கறப்போ பீரு ஜாஸ்தியா?"

"ரெண்டே ரெண்டு."

"மூஞ்சி சொல்லுதே," என்றேன். குறிப்பேட்டில் எழுதினேன்: கட்டை வலப்பக்கம் கால் அங்குலம்.

4

ரெட்டையாகத் தெரிவதற்கும் என்னிடம் வைத்தியம் இருந்தது. வயதானால் சிலருக்கு இடது கண் மேலோங்கி வலது கண்ணின் வேலையில் தலையிடும். அதற்கு, சுடும்போது போடும் கண்ணாடியில் இடது வில்லையின்மேல், விரல்நகம் அகலத்துக்கு மங்கலான டேப் ஒட்டுவது வேட்டைக்காரர்கள் வழக்கம். ஒட்டினேன். கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு களிமண் தட்டை வீசினேன். தூளாகப் பறந்தது. இன்னொன்று. அதுவும்.

"ஒண்ணுதான்டா தெரியுது! ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தினான். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். நாற்பது பவுண்டு இளைத்தவன் மாதிரி ஆடினான்.

ஒரு கண்ணை மறைத்தால் யாருக்கும் ஒன்றுதான் தெரியும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தோன்றியது என்று நினைக்கிறேன். ஒரு கணம் என்னவோ நெருடியது. ஆனால் தட்டு உடைந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஹெல்மி வர்ற வியாழக்கிழமைக்குக் கண் டாக்டர்கிட்ட நாள் வாங்கி வச்சிருக்கா. போக வர நூத்தி எண்பது மைல். போகணுமாடா?"

"வியாழக்கிழமை கட்டை ரெடியாயிடும். கடைசி அளவு பார்க்கணும், நீ இருக்கணும். சீசன் தொடங்கப்போகுது. இப்பத்தான் நல்லாத் தெரியுதுல்ல?"

"தெரியுது."

"அப்புறம் என்ன? பனி விழுந்ததும் போய்க்கலாம். டாக்டர் எங்கயும் ஓடிட மாட்டான்."

"நீ சொன்னாச் சரி," என்றான்.

வியாழக்கிழமை அவன் என் பட்டறையில் இருந்தான். வேட்டைக்காலம் செப்டம்பர் பதினைந்தாம் தேதி தொடங்கியது. பதினெட்டு நாளில் பதினொரு கௌதாரி. ஒருநாள் இரண்டு குழலுக்கும் இரண்டு பறவை, எதிரெதிர்த் திசையில். தொலைபேசியில் அதைச் சொல்லும்போது அழுதேவிட்டான். அக்டோபர் மூன்றாம் தேதி காலை விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்தான். மூளையில் ஒரு ரத்தக்குழாய் உப்பி, கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அது வெடித்துவிட்டது. அந்த வியாழக்கிழமை யாராவது பார்த்திருந்தால் அறுவை செய்து காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

5

என்னை இந்தக் கதையிலிருந்து வெளியே தள்ளிவிட ஒருமுறை முயன்றேன். எனக்குப் பதிலாக எய்னார் என்று ஒரு பட்டறைக்காரனை உருவாக்கினேன். குடிகாரன், கஞ்சன், நாக்கில் விஷம். நீங்கள் அவனை வெறுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

எய்னார் சொன்னபடி கேட்கவில்லை. குழல்முனைக்கு எதிரே நின்று தைஸ்தோவின் கண்ணைப் பார்த்ததும், அந்தக் குடிகாரன் துப்பாக்கியைக் கீழே தாழ்த்தச் சொன்னான். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டான். அத்துடன் தைஸ்தோவை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பிவிட்டான். கதை மூன்றாம் பக்கத்திலேயே முடிந்துபோனது. குணத்தை எவ்வளவு கெடுத்தாலும் அவன் அதையேதான் செய்தான். ஐந்து முறை எழுதிப் பார்த்துவிட்டு எய்னாரை விட்டுவிட்டேன். அவன்மேல் எனக்குப் பொறாமை.

6

அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார்கள். ஹெல்மி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டாத் தெரியுதுன்னான். அதனாலதான் நாள் வாங்கினேன். புதன்கிழமை சாயங்காலம் வந்து, போகலங்கறான். எனக்கு எங்க இருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ. 'போனாப் போ, போகாட்டி நாசமாப் போ'ன்னு கத்தினேன் யோத்தி. அந்த வீம்புக்குத்தான் அவன் போகல. நான்தான் அவனைக் கொன்னுட்டேன்."

தடுத்தது நான் என்று அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

"உங்க மேல தப்பு இல்ல ஹெல்மி," என்றேன். உண்மைதான். யார்மேல் என்று சொல்ல வாய் திறந்தேன், ரொட்டியை அதில் வைத்துக்கொண்டேன்.

பதினோரு வருஷமாக அவள் அதைச் சுமக்கிறாள். ஒவ்வொரு அக்டோபரும் அதே வார்த்தையைச் சொல்வாள். ஒவ்வொரு அக்டோபரும் நானும் அதே பதிலைச் சொல்வேன். என்னைப்போல ஆறுதல் சொல்ல ஆளில்லை என்று அவள் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் கிடைக்கவில்லை.

போன வாரம் கூப்பிட்டாள். "அந்தத் துப்பாக்கியை நான் எடுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போலாம்னு இருக்கேன். எழுபது வயசுக்குள்ள ஒரு கௌதாரியாவது சுட்டுப் பார்க்கணும். நீ பார்த்துப் பார்த்து எடுத்துக் குடுத்தது. அவன் கடைசியா அவ்வளவு சந்தோஷமா இருந்தது அதாலதான். எனக்கும் அளவு பண்ணிக் குடுக்கறியா?"

"கொண்டு வாங்க," என்றேன்.

இந்தக் கதையை அன்று மதியமே தொடங்கினேன்.

7

முடிவுகள்.

(அ) சொல்கிறேன். அவள் அழுகிறாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். – வேண்டாம். மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது அநியாயம்.

(ஆ) சொல்கிறேன். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனவள் பிறகு என் முகத்தில் விழிப்பதில்லை. – எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதனாலேயே இதை நம்பவில்லை.

(இ) சொல்லவில்லை. கட்டையை அவள் அளவுக்கு வெட்டிக் கொடுக்கிறேன். அவள் எனக்கு நன்றி – 

(ஈ) முடிவை உங்களிடம் விடுகிறேன். – இப்படித்தான் முடிக்க நினைத்திருந்தேன். நீங்கள் நல்லவர்களாகத்தான் இருப்பீர்கள், ஏதாவது ஒரு வழி சொல்வீர்கள். ஆனால் அவள் வீட்டுக்குப் போகும் பாதை உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்தெட்டு வருஷமாக ரசீதிலிருந்து சண்டைவரை எனக்கு எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் கடைசியாக ஒரு முழுப்பக்கம் எழுதியது எப்போது என்றே நினைவில்லை. இதை மட்டும் தமிழில் எழுத உட்கார்ந்தேன். தாய்மொழிப் பாசம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மூன்றாம் பகுதிவரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹெல்மிக்குத் தமிழ் தெரியாது.

8

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவள் ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். காகிதங்களை ஒளிக்க நேரமில்லை. உறையோடு துப்பாக்கியை மேசையில் வைத்தாள். ஈரக் காலணியைக் கழற்றிக்கொண்டே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன யோத்தி, பூ போட்ட மாதிரி எழுதி வச்சிருக்க? உங்க ஊரு எழுத்தா?"

"ஆமா."

"கடுதாசியா?"

"கதை. நம்ம ஊர்க் கதை."

"அப்போ நானும் இருக்கேனா?" சிரித்தாள். "என் பேரு எங்க இருக்கு, காட்டு."

காட்டினேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பெயரின்மேல் தன் விரலை வைத்தாள்.

"இதுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்க? படி, கேக்கறேன்."