காந்தம் ஒட்டாத கால்

பொற்கொடி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவளுடைய இடது கால் கட்டைப்பைக்குள் இருந்தது. ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்துத் தத்தி வந்து, பட்டறை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை. மத்திகிரியில் அந்த வரிசையில் திறந்திருந்தது சம்பங்கியின் வெல்டிங் பட்டறை மட்டும்தான்.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண். போன வருஷம் டிப்பர் லாரி ஸ்கூட்டியைத் தட்டியதில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெங்களூரில் ஒரு டிரஸ்ட் செயற்கைக் கால் கொடுத்தது. அதைப் போட்டு நடந்து, விழுந்து, மாடிப்படி ஏறி, பழைய கம்பெனியிலேயே மறுபடி வேலை கேட்டாள். செல்போன் செய்கிற கம்பெனி. லைனில் நின்றுதான் வேலை. சூப்பர்வைசர் ரேவதி மேலிடத்தில் பேசிப் பேசி ஒரு வழி செய்திருந்தாள். திங்கட்கிழமை வந்து ஒரு ஷிப்ட் முழுக்க நின்று காட்ட வேண்டும். நின்றால் வேலை. நிற்காவிட்டால் இனி கேட்கக் கூடாது.

அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு. இன்று காலை குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டாள்.

சம்பங்கி பையிலிருந்து காலை வெளியே எடுத்தான். மேலே தொடை போல அகன்று, முட்டிக்கு மாட்டும் பிளாஸ்டிக் கூடு. அதிலிருந்து இறங்கும் ஒரு குழாய். குழாயைப் பிடித்து இறுக்க ஒரு உலோகக் கப். அதற்கடியில், செருப்பு போட்டபடியே, பாதம். கப்பின் ஸ்க்ரூ ஏறும் காது பிளந்திருந்தது. குழாய் உள்ளே நிற்காமல் ஆடியது. டிரஸ்டுக்குப் போன் செய்து பார்த்தாளாம். ஆள் வர அடுத்த மாதம் ஆகும் என்றார்களாம்.

சம்பங்கிக்கு எஸ்.எஸ். என்கிற எவர்சில்வர் வேலைதான் பிழைப்பு. பால் தொட்டி, மண்டபத்து அடுப்பு மேடை, கோயில் உண்டியல். அவன் போட்ட ஒட்டு விட்டுப்போச்சு என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக் கப்பில் வைத்தான். ஒட்டவில்லை. குழாயில் வைத்தான். ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் எஸ்.எஸ். அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் அதற்கு மேல் பரீட்சை கிடையாது.

"ரெண்டும் எஸ்.எஸ்.தாம்மா. கப்பையும் குழாயையும் சேத்து ஆர்கான் வெல்டிங் ஓட்டிட்டா இனி ஸ்க்ரூவே வேணாம்."

"ஆட்டோவ நிக்கச் சொல்லவாண்ணா?"

"சொல்லு."

கப்பும் குழாயும் சேரும் வட்டத்தில் சுற்றி ஓட்டினான். ஒட்டு வெள்ளி மோதிரம் போல உட்கார்ந்தது. ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். வெயிலில் கூரைத் தகரம் விரிகிறது என்று நினைத்தான்.

பொற்கொடி மாட்டிக்கொண்டு எழுந்தாள். முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் பாதம் அங்கேயே நின்றுவிட்டது, அவள் மட்டும் வந்தாள். சம்பங்கி தாவிப் பிடித்தான்.

உடைந்த இடத்தைப் பார்த்தான். ஒட்டு கெட்டால் கிழியும், இழுபடும். இது ரஸ்க் மாதிரி முறிந்திருந்தது.

ஆட்டோவை அனுப்பினாள். சம்பங்கி குழாயின் கெட்ட நுனியைக் கட்டிங் வீலில் அறுத்தான். எஸ்.எஸ். என்றால் பொறி மங்கலாகச் செம்மஞ்சளில் விழும். இது வெள்ளையாக மத்தாப்புப் போல வெடித்துச் சிதறியது. அதைப் பார்க்கத்தான் பார்த்தான். வீல் புதுசு என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டான்.

சூடு பற்றவில்லை போல என்று கேஸ் டார்ச்சின் தீயில் குழாயை நீளத்துக்கும் காய்ச்சினான். குழாய் வைக்கோல் நிறமாகி, மயில் கழுத்தாகி, சாம்பல் பூத்தது. ஒட்டினான். இப்போது இரண்டு டிக். சுத்தியலால் மெல்லத் தட்டினான், கழன்று விழுந்தது. அறுத்தான். ஒத்துப்போகாத இரும்பையெல்லாம் ஒத்துப்போக வைக்கும் விலை கூடின ராடு ஒன்று பெட்டியடியில் இருந்தது. அதைப் போட்டான். ஆறுவதற்குள் ஒட்டைச் சுற்றி முடி போல ஒரு கோடு ஓடிற்று. மறுபடி அறுத்தான்.

பொற்கொடி காலை வாங்கித் தன் நல்ல காலோடு வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல்கடை குறைந்திருந்தது.

"அண்ணா, இன்னும் நாலு தடவ ஒட்டுனீங்கன்னா முட்டியிலயே செருப்ப மாட்டிக்கலாம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சம்பங்கி போனை எடுத்தான்.

மனைவி பார்வதியின் தம்பி பிரதாப், ரசாயனத் தொட்டி செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். சம்பங்கி அவனை வீடியோவில் கூப்பிட்டான். பிரதாப் கிரைண்டரை வைக்கச் சொன்னான். வெள்ளைப் பொறியைப் பார்த்ததுமே நிறுத்தச் சொன்னான்.

"கப்பு எஸ்.எஸ்.தான் மாமா. குழாய் டைட்டானியம். அதுக்கும் காந்தம் ஒட்டாது. இது ரெண்டும் உருகறப்ப சேந்த மாதிரி இருக்கும். ஆறுனா கண்ணாடி. நீங்கன்னு இல்ல, யாரு ஓட்டுனாலும் அப்படித்தான்."

"உங்க கம்பெனியில என்ன பண்றீங்க?"

"வெடி வெச்சு ஒட்டுன தகடு வெளிய இருந்து வரும். ஒரு பக்கம் எஸ்.எஸ்., ஒரு பக்கம் டைட்டானியம். அத நடுவுல குடுத்து அந்தந்தப் பக்கம் அதது கூட ஓட்டுவோம்."

"கால்ல வெடி வைக்கச் சொல்றியாடா?"

பிரதாப் சிரித்தான். பிறகு யாருடைய கால் என்று கேட்டான். சம்பங்கி போனை வாசல் பக்கம் திருப்பினான். சிரிப்பு நின்றது. ஒட்டுவதை விட்டுவிட்டு மேலே ஓர் எஸ்.எஸ். உறை போட்டு போல்ட் அடித்துப் பார்க்கச் சொன்னான். போனை வைக்கும் முன்னால் ஒன்று கேட்டான்.

"கேஸ்ல காய்ச்சலயே மாமா? சூட்டுல அது காத்தக் குடிச்சிரும். அப்புறம் மொறுமொறுன்னு ஆயிரும்."

"லேசாத்தான்" என்றான் சம்பங்கி.

உறை நன்றாக வந்தது. குழாய் அதற்குள் இறங்கிற்று. குறுக்கே துளை போட்டு இரண்டு போல்ட். கீழே உறையையும் கப்பையும் ஒட்டினான். எஸ்.எஸ்.ஸும் எஸ்.எஸ்.ஸும். காதை வைத்துக் கேட்டான். சத்தம் இல்லை. குறைந்த நீளத்தையும் உறையிலேயே சரிக்கட்டியிருந்தான்.

பொற்கொடி மாட்டிக்கொண்டு தெருமுனை கரண்ட் கம்பம் வரைக்கும் போய் வந்தாள். பார்வதி டீ கொண்டுவந்தாள். பொற்கொடி உட்காராமலே வாங்கிக் குடித்தாள். நாளைக்கு நிற்க வேண்டியதுதானே, இப்போதே நின்று பார்க்கிறேன் என்றாள். பட்டறை நடுவில், எதையும் பிடிக்காமல் நின்றாள். பார்வதியோடு வாடகை வீட்டுத் தண்ணீரைப் பற்றி, ரேவதியின் வாயைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றாள். சம்பங்கி சாமான்களை எடுத்து வைத்தான். வெயில் ஷட்டரை விட்டு இறங்கி ரோட்டுக்குப் போனது. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. பேச்சை முடிக்காமலே அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். டீ டம்ளர் உருண்டது.

ஒட்டு அப்படியே இருந்தது. போல்ட்டும் அப்படியே இருந்தது. உறைக்கு மேலே, சாம்பல் பூத்த இடத்தில், குழாய் நெடுக்கில் பிளந்து, விரிசல் பிளாஸ்டிக் கூட்டுக்குள் போயிருந்தது. குழாயின் மேல் நுனியைக் கூட்டோடு சேர்த்து வார்த்திருந்தார்கள். அறுக்க இனி இடம் இல்லை. பிடித்து இறுக்கவும் ஒரு விரல் நீளம் நல்ல குழாய் இல்லை.

பார்வதி அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். முழங்கை சிராய்ந்திருந்தது. கப் மட்டும் உடைந்து அவள் கொண்டுவந்த பொருள் அது. சம்பங்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காய்ச்சினது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"விடுங்கண்ணா. நீங்க என்ன பண்ணுவீங்க."

அதற்குப் பிறகு அவனால் சும்மா நிற்க முடியவில்லை. அக்குளில் வைத்துக்கொள்ள ஓர் ஊன்றுகோல் செய்து தருகிறேன் என்றான். முக்கால் இஞ்ச் எஸ்.எஸ். குழாயை எடுத்தான். அளவு பார்த்தான், வளைத்தான், ஒட்டினான். ஒட்டு மீன் செதில் போல அடுக்கடுக்காக விழுந்தது. உண்டியலுக்குக்கூட இப்படி விழுந்ததில்லை. ஒவ்வொன்றையும் சுத்தியலால் ஓங்கித் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை.

அவளிடம் கொடுத்தான். அவள் அதை அக்குளில் வைத்து எழுந்து நின்றாள். உயரம் சரியாக இருந்தது. நின்றபடியே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். இடது கையில் இல்லாத போனைத் தாங்கி, வலது கையால் இல்லாத ஸ்க்ரூவை எடுத்து வைத்து, இல்லாத டிரைவரால் திருகினாள். இரண்டாவது ஸ்க்ரூவுக்குள் ஊன்றுகோல் நழுவியது. பார்வதி பிடித்துக்கொண்டாள்.

உட்கார்ந்து செய்ய விடமாட்டார்களா என்று சம்பங்கி கேட்டான். லைனில் நாற்காலியே கிடையாது என்றாள்.

"கம்ப எந்தக் கையில பிடிக்கிறதுண்ணா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

சம்பங்கி ஊன்றுகோலை வாங்கி, அதன் கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்ற ஆரம்பித்தான்.