பேரிங் கப்பலேறாத கதை

1988 பங்குனியில், டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊர் மொழிவகுப்புச் சுவரில் தொங்கிய உலகப்படத்தில் ஆசியாவும் அமெரிக்காவும் ஒட்டிக்கொண்டன. ஒட்டவைத்தவர் மன்னாரிலிருந்து வந்து, கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த அந்தோனிதாசன்.

மனைவி பற்றிமாவையும் பதினைந்து வயது மகன் ஸ்ரிபனையும் கூப்பிட அவர் முந்தைய வருடமே விண்ணப்பித்திருந்தார். அவர்கள் விடயம் ‘பெஹான்லிங்’கில் இருப்பதாகக் கொப்பன்ஹேகனிலிருந்து பதில் வந்தது. அந்தச் சொல்லை மனுசன் பல் டொக்டரிடம் படித்திருந்தார். அங்கே அதற்குச் சிகிச்சை என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் என்ன வருத்தமோ என்று பதறி, ஒன்பது நாள் நவநாள் செபம் சொல்லி, ஊருக்குக் கடிதம் போட்டார். எங்களுக்கு ஒரு வருத்தமுமில்லை, உங்களுக்குத்தான் குளிரில் மண்டை பிசகிவிட்டது என்று பற்றிமா எழுதினாள். அரசாங்கக் கந்தோர்களில் அதற்குப் பரிசீலனை என்று பொருள் என ஆசிரியை எமிலியாதான் விளக்கினார். அடுத்த கடிதத்திலும் அதே சொல். பரிசீலனையாம், மண்ணாங்கட்டி! அந்தோனிதாசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாய்மொழிப் பரீட்சையில் அவருக்கு விழுந்த தலைப்பு, டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் பிறந்த கடலோடி விற்றஸ் பேரிங். பதினைந்து வயதளவில் கப்பலேறி இந்தியாப் பக்கம் போனவர். பிறகு ரஷ்யக் கடற்படையில் சேர்ந்து, மனைவியையும் சைபீரியா வழியே கூட்டிக்கொண்டு போனவர். இரண்டு கண்டங்களுக்கு நடுவே உள்ள நீரிணைக்கே அவருடைய பெயர். எல்லாவற்றையும் அந்தோனிதாசன் பாடமாக்கியிருந்தார். ஆனால் எழுந்து நின்று சொன்னது இவ்வளவுதான்:

“பேரிங் கப்பலேற விண்ணப்பிச்சவர். அது பெஹான்லிங்கில இருக்கு.”

மிச்சத்தைச் சொல்லும்படி எமிலியா கேட்டார். அவர் போய்த் தன் கதிரையில் இருந்துவிட்டார். சுவரில் நீரிணை மூடிக்கொண்டது. அந்தக் கிழமையே பிராண்டேயிலும் ஹ்விடோவ்ரேயிலும் பள்ளிக்கூடப் படங்களில் மூடியது. அச்சகத்தார் நீல மையை அள்ளி ஊற்றிப் புதிதாக அடித்தார்கள். மை காய முதல் அதுவும் மூடியது. விசாரிக்க வந்த அதிகாரிகளுக்கு அந்தோனிதாசன் தேத்தண்ணி கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச்சொன்னார். நல்லா வேணும்.

1990இல் பற்றிமா வந்திறங்கினாள், தனியே. பரிசீலித்து முடிப்பதற்குள் ஸ்ரிபனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது; அவன் இனிப் பிள்ளைக் கணக்கில்லையாம். எமிலியா பூங்கொத்தோடு வந்து, இனியாவது கதையை முடிக்கச் சொல்லுங்கள் என்று பற்றிமாவைக் கேட்டார். மனைவியைக் கண்ட சந்தோசத்தில் அந்தோனிதாசன் தொண்டையைச் செருமினார். பற்றிமா அவர் கையைப் பிடித்து இருத்தினாள்.

“என்ர பெடியன் வரட்டும். அதுக்குப் பிறகு அவையின்ர பெடியன் கப்பலேறட்டும்.”

எமிலியா பூக்களைத் தண்ணீரில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஆவணியிலிருந்து, ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு நடந்து போகலாம் என்றே டெனிஷ் பிள்ளைகள் படிக்கிறார்கள்.