அண்ணிக்கு ஒரு கீபோர்டு

கொழுந்தனை அவள் ஒரு ஆளாக மதித்ததே இல்லை. வீட்டில் மேஜை நாற்காலி இருப்பதுபோல அவனும் இருந்தான். மேஜை நாற்காலி வாயைத் திறக்காது, இவன் திறப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். மாடியறை அவனுடையது. சுவரெல்லாம் பலகை அடித்து, பலகை நிறைய கீபோர்டுகளை அடுக்கி வைத்திருந்தான். ஒன்றுக்கு மரச்சட்டம். ஒன்றுக்குப் பித்தளை அடித்தட்டு. தூக்கினால் செங்கல் கனம். ஒன்றின் கீகளில் எழுத்தே கிடையாது. கேட்டால், "தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு அண்ணி எழுத்து?" என்பான்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு அவன் எதைத்தான் எழுதிக் கிழித்தான் என்பது அவளுக்குப் புரிந்ததில்லை. குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவில் வேலை. சாயங்காலம் வந்தால் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கீபோர்டைக் கழற்றுவான், எண்ணெய் போடுவான், திரும்பப் பூட்டுவான். பிறகு அதைத் தட்டி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, தன்னைப் போன்ற வேலைவெட்டி இல்லாதவர்களின் குழுவுக்கு அனுப்புவான். அவர்கள் அதைக் கேட்டு உருகுவார்களாம். "இது கூழாங்கல் உருள்ற மாதிரி இருக்கு, அது மழை சொட்டற மாதிரி இருக்கு" என்று பேசிக்கொள்வார்களாம்.

"மழை வேணும்னா நான் ஜன்னலைத் திறந்துக்குவேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டாள்.

அவள் உண்மையிலேயே தட்டச்சு செய்து சோறு சாப்பிடுகிறவள். விபத்துக் காப்பீட்டு விசாரணைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிற அலுவலகம். காதில் ஹெட்போன், காலடியில் ஒலியை நிறுத்தவும் பின்னால் தள்ளவும் ஒரு மிதி, இடையிடையே யார் பேசுகிறார் என்று மவுஸால் குறித்துக்கொண்டே போக வேண்டும். அவள் வேகத்துக்கு அலுவலகத்தில் அவள் பெயரே 'புயல்'. நாளெல்லாம் பொய் கேட்கிற வேலை. கால் ஊனமாகிவிட்டதாகச் சொல்கிறவன் எந்தக் காலென்று கேட்டால் யோசிப்பான். கடை எரிந்ததாக அழுகிறவன் நடுவில் போன் வந்தால் சிரித்துப் பேசுவான். இதையெல்லாம் எழுத்து விடாமல் அடித்து அடித்து, மனித இனத்தின் மீது அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் கரைந்து போயிருந்தது. மிச்சம் இருந்ததைக் கொழுந்தன் தீர்த்து வைத்தான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மணிக்கட்டு வலி வந்தது. முதலில் சுண்டுவிரல் மரத்தது. பிறகு வலி முழங்கை வரைக்கும் இழுத்தது. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீபோர்டையும் மவுஸையும் மாத்துங்கம்மா. உங்க கைக்குத் தோதா பாத்து வாங்குங்க" என்றார். அலுவலகமும் தாராளமாகச் சரி என்றது. எது வேண்டுமோ நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மேலாளர். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாடியில அதுக்குன்னே ஒருத்தன் உக்காந்திருக்கானே" என்றான்.

சொல்லி வாய் மூடவில்லை, கொழுந்தன் படியில் இறங்கி வந்துவிட்டான். கையில் தையல்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு அளவு நாடா.

"அண்ணி, கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

"எதுக்கு? வளையல் வாங்கித் தரப்போறியா?"

"விரல் நீளம் பாக்கணும் அண்ணி. உள்ளங்கை அகலமும். மவுஸுக்கு அதுதான் முக்கியம்."

கணவன் முன்னால் சண்டை வேண்டாமே என்று நீட்டினாள். அவன் ஒவ்வொரு விரலாக அளந்து, முகத்தில் கல்யாணப் பொருத்தம் பார்ப்பவனின் கவலையைத் தேக்கிக்கொண்டான். அதோடு விட்டானா? சமையலறை மேஜையில் தன் லேப்டாப்பை வைத்து, "எப்பவும் அடிக்கற மாதிரி அடிங்க" என்றான். அடித்தாள். அவன் குனிந்து, திரையைப் பார்க்காமல், அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆள் இப்படிக் கூச்சமில்லாமல் அடுத்தவள் விரலைப் பார்க்க முடியுமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"நீங்க கீயை அடிக்கல அண்ணி, குத்தறீங்க. அடி வரைக்கும் போய் மோதுது. பாதி வழியிலயே எழுத்து விழுந்துடும், அதுக்கு மேல அழுத்தறதெல்லாம் வீண். உங்களுக்குக் கீக்கு அடியில, நடுவுல ஒரு சின்ன மேடு தட்டுப்படற சுவிட்ச் வேணும், லேசான ஸ்பிரிங்கோட. எழுத்து விழுந்துச்சுன்னு விரலுக்குத் தெரிஞ்சா விரல் திரும்பிடும். அப்புறம் கீபோர்டு ரெண்டு துண்டா இருந்தா தோள் விரியும். மவுஸ் நிமிந்து நிக்கற வகை. கை குலுக்கற மாதிரி பிடிக்கணும்."

"மனுஷங்களோடயே நான் கை குலுக்கறதில்ல. எலியோட குலுக்கணுமா?"

கணவன் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தான். கொழுந்தனும் சிரித்தான். அவனைக் கிண்டல் செய்தால்கூட அவனுக்கு உறைக்காது. அதுதான் அவனிடம் அவளுக்கு ஆகவே ஆகாத குணம்.

மறுநாள் அவள் தனியாகக் கடைக்குப் போனாள். அவன் எதையெல்லாம் வேண்டாம் என்பானோ அதை வாங்குவது என்று பாதி வழியிலேயே முடிவாகிவிட்டது. கடை முழுக்க விளக்கு. கீபோர்டுகள் பச்சையும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டு கிடந்தன, சர்க்கஸ் கூடாரம் தோற்றுப்போகும். தாடியைக் கூராகச் செதுக்கியிருந்த விற்பனையாள், "கேமிங்கா மேடம், ஆபீஸா?" என்றான்.

"என்னைப் பாத்தா துப்பாக்கி எடுத்துட்டு ஓடறவ மாதிரியா இருக்கு?"

அவன் பயந்துபோய், நிறைய டைப் பண்ணுகிறவர்கள் இதைத்தான் எடுப்பார்கள் என்று ஒன்றைக் காட்டினான். ஒவ்வொரு கீயும் டிக் டிக்கென்று கொட்டாங்குச்சியை உடைப்பதுபோல் சத்தம் போட்டது. விறைப்பான ஸ்பிரிங். தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தம் பதில் சொன்னது. இதுதான் கீபோர்டு, மாடியறையில் இருப்பதெல்லாம் பொம்மை என்று தோன்றியது. கூடவே தட்டையாக, சோப்புக்கட்டி அளவில் ஒரு மவுஸ், பார்க்க லட்சணமாக இருந்ததால்.

அலுவலகத்தில் முதல் நாள் அவளுக்கு அமோகமாகப் போனது. மற்றவர்களுக்குத்தான் போகவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு அக்கா. அவளைவிட மூத்தவள், எதற்கும் முகம் சுளிக்காதவள். மூன்றாவது நாள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "ஏம்மா, நான் ஒரு கிழவர் பேசறதைக் கேட்டு எழுதிட்டிருக்கேன். அவர் ஏற்கெனவே வாய்க்குள்ள முணுமுணுக்கறாரு. நீ வேற பக்கத்துல கல்லு உடைக்கற" என்றாள். மேலாளர் வந்து, அவள் மேஜையைப் பழைய கோப்புகள் கிடக்கிற மூலைக்கு மாற்றினார். அவர் சொன்ன காரணம் வெளிச்சம். அந்த மூலையில் இருந்த ஒரே ட்யூப்லைட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ரசனை கெட்ட கூட்டம் என்று அவள் எல்லோரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கை மட்டும் ஏமாறவில்லை. வலி தோள்பட்டைக்கு ஏறியது. ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று பூட்டில் சாவியை நுழைத்தாள், திருப்ப முடியவில்லை. விரல்கள் சாவியைப் பிடித்தன, மணிக்கட்டு மறுத்துவிட்டது. இடது கையால் திருப்பி உள்ளே போய், விளக்குகூடப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாவிட்டால் என்ன, வேலை சொல்லிவிட்டது. ஒரு பெரிய தொழிற்சாலை விபத்து; நிறைய பேரை விசாரித்த பதிவுகள். அதுமாதிரி வேலை வந்தால் அவளுக்குத்தான், அது அலுவலகத்தில் எழுதாத சட்டம். இந்த முறை அவள் பாதியிலேயே தடுமாறினாள். சுண்டுவிரல் தொடவேண்டிய எழுத்தெல்லாம் காணாமல் போயிருந்தது. கணவனை இழந்த ஒரு பெண் பேசுகிறாள்; அவள் பொய் பேசவில்லை; அவள் சொன்ன வரியில் பாதிச் சொல் ஊனமாகத் திரையில் நின்றது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, மிச்சப் பதிவுகளை முன்பு பக்கத்து மேஜையில் இருந்த அக்காவிடம் கொடுத்தார். "நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றார், ரொம்பப் பணிவாக. அந்தப் பணிவு அவளைச் சுட்டது. இத்தனை வருஷம் அந்த மனிதர் அவளிடம் பணிவாகப் பேசியதே இல்லை, பயந்துதான் பேசியிருக்கிறார்.

அன்றைக்கு மாடியேறினாள்.

கொழுந்தன் கதவைத் திறந்தான். அவள் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். உள்ளே போய், பலகையின் ஓரத்திலிருந்து துணி மூடிய ஒன்றை எடுத்து வந்து மேஜையில் வைத்தான்.

"அன்னிக்கு அளவெடுத்தேன்ல அண்ணி. அப்பவே ஆரம்பிச்சிட்டேன். நீங்க வேற வாங்கிட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு, சரி, இருக்கட்டும்னு முடிச்சு மூடி வச்சிட்டேன்."

துணியை விலக்கினான். இரண்டு துண்டாக ஒரு கீபோர்டு. சுண்டுவிரல் வரிசை மட்டும் சற்றே கீழிறங்கி இருந்தது. பக்கத்தில் நிமிர்ந்த மவுஸ். எல்லாம் சரிதான், ஆனால் மொத்தமும் ரோஸ் கலர். மிட்டாய் ரோஸ். ஒரு கீயில் பூ வேறு.

"இது என்ன கண்றாவி?"

"லேடீஸ்க்குன்னு... குழுவுல எல்லாரும் சொன்னாங்க அண்ணி."

"அந்தக் குழுவுல ஒரு பொம்பளையாவது இருக்காளா?"

அவன் யோசித்தான். "இல்ல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. இவன் மேதாவி ஆகிவிடவில்லை, அதே அசடுதான். அந்த நிம்மதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் கீபோர்டை லேப்டாப்பில் செருகியதும் விரல்களை வைத்தாள்.

ஒரு வரி அடித்தாள். பிறகு இன்னொன்று. சத்தம் அநேகமாக இல்லை. ஒவ்வொரு கீயிலும் பாதி வழியில் ஒரு மெல்லிய தடுக்கல், வாசற்படியில் கால் உணர்வதுபோல. விரல் தானாகத் திரும்பியது. சுண்டுவிரல் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, கீ அதனிடமே வந்திருந்தது. மவுஸைப் பிடித்தாள். முழங்கை இத்தனை நாளாக இறுகிக் கிடந்தது என்பது, அது தளர்ந்தபோதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. அவன் முன்னால் அழுவதைவிடக் கை போவதே மேல் என்று நினைத்துக்கொண்டு, தொழிற்சாலைப் பெண் சொன்ன அந்த வரியை, மனதில் இருந்தபடியே திரும்ப முழுசாக அடித்தாள். ஒரு எழுத்தும் விடுபடவில்லை.

"எப்படி அண்ணி இருக்கு?"

"பரவாயில்ல."

அவன் முகம் பூரித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்துக் குழுவுக்குச் செய்தி அனுப்பினான். 'அண்ணி பரவாயில்லைன்னு சொல்லிட்டாங்க.' உடனே வாழ்த்துகள் வந்து குவிந்தன. முன்பின் தெரியாத அந்த ஆண்கள் எல்லாம் அவள் மணிக்கட்டுக்காகக் கைதட்டினார்கள். இந்த உலகம் உருப்படாது என்று அவளுக்கு மறுபடி உறுதியாயிற்று.

கீழே கொண்டுபோவதற்கு முன் ரோஸ் கீகளை எல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கச் சொன்னாள். சாம்பல் நிறக் கீகளைப் பொருத்தித் தந்தான். பூப்போட்ட ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி, அவன் கண்ணெதிரே குப்பைக்கூடையில் போட்டாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அவன் தட்டில் கேட்காமலே இரண்டாவது கரண்டி விழுந்தது; அதற்கு அவன் பெரிதாக அர்த்தம் பண்ணிக்கொண்டுவிடக் கூடாதே என்று, "சாப்பிடும்போதாவது அந்தப் போனைக் கீழ வை" என்று அதட்டவும் செய்தாள்.

கை ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சிகள் வேண்டியிருந்தன, நேரம் பிடித்தது. ஆனால் வேகம் திரும்பியது. மேலாளர் அவள் மேஜையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். பணிவும் போய்விட்டது, மறுபடி பயந்து பேச ஆரம்பித்தார். அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒருநாள் மதியம் பக்கத்து மேஜை அக்கா தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கும் இப்பல்லாம் வலிக்குதும்மா. நீ எங்க வாங்கின?" என்று கேட்டாள்.

"வாங்கல. என் கொழுந்தன் ஒருத்தன் இருக்கான், அவன் பண்ணது."

"கெட்டிக்காரப் பையனா?"

அவள் ஹெட்போனைக் காதில் மாட்டியபடி சொன்னாள்: "சுத்த அசடு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. மழை, கூழாங்கல்லுன்னு ஏதாவது உளறுவான், காதுல வாங்காதீங்க. கலரை மட்டும் நீங்களே சொல்லிடுங்க."