ஈரப் பந்து

1933 ஐப்பசியில் ராயபுரத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஞானதுரை, மழையைப் பார்க்காமல் ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கால்பந்து பழக்கினான். எல்லோருக்கும் ஏழெட்டு வயதுதான். பட்டறை அணியில் தான் பழகிய முறை ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். மணலில் நெடுந்தூர ஓட்டம், பெரியவர்கள் ஆடும் தோல் பந்து. மூச்சு வாங்கி உட்கார்ந்தவனை எழுப்பி மறுபடி ஓடவிடுவான். முட்டி போனதால் அந்த வருடம் அணியிலிருந்து அவனை நிறுத்தியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று பக்கத்துத் தெருவை இந்தப் பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி.

பட்டறை அணியின் கோல்கீப்பர் அத்தாவுல்லா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, துணிப்பந்து கொடு, அரைமணி நேரம் ஆடவிட்டு அனுப்பு என்றான். ஞானதுரை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளைகளில் மிகச் சிறியவன் நீலமேகம். அவன் தாய் கெங்கம்மா துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமப்பவள். ஒரு ஞாயிறு பந்து மழையில் ஊறிக் கல்லாகக் கனத்தது. ஞானதுரை அதை உயரத் தூக்கிப்போட்டு, ஒவ்வொருவனாகத் தலையால் முட்டச் சொன்னான். நீலமேகம் இரண்டு முறை விலகினான். வேண்டாம் என்றான். பயப்படுகிறான் என்று ஞானதுரை அவனை அங்கேயே நிற்கவைத்து மறுபடி போட்டான். பந்து நெற்றியில் விழுந்தது. பையன் சாய்ந்தான், எழுந்தான், மணி என்ன என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பக் கேட்டான். பிறகு வாந்தி எடுத்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எதிரே வந்த கெங்கம்மாவிடம், மணலில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொல்லிவிட்டான் ஞானதுரை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். கெங்கம்மா அதையே சொன்னாள். டாக்டர் பையனின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். மணலில் விழுந்தால் இப்படி வீங்காதே என்றார்.

ஞானதுரை முன்னால் வந்தான்.

"வழுக்கி வுயல சார். நான்தான் பந்த அவன் தலைல போட்டேன். வேணாம்னான், நான் வுடல."

கெங்கம்மா அவனைத் திட்டவில்லை. கரி படிந்த கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் வேலைக்குப் போற நாள்ல உன்னாண்ட வுட்டா பத்திரமா இருப்பான்னு நெனச்சிக்கினு இருந்தேன் நைனா," என்றாள்.

பதினோரு நாள் கழித்துப் பையன் வீடு திரும்பினான். வெயிலில் நின்றால் தலை வலித்தது. தெரிந்த எழுத்துகள் சில மறந்துபோயின. கிறிஸ்துமஸ் ஆட்டம் நடக்கவில்லை. தை மாதம் அத்தாவுல்லாவின் மனைவி ஜீனத் பழந்துணியில் சின்னதாக ஒரு பந்து தைத்துக் கொடுத்தாள். ஞானதுரை கொஞ்சமாக இடம் வளைத்து, தலையால் முட்டக்கூடாது, களைத்தவன் உட்காரலாம் என்று சொல்லி மறுபடி தொடங்கினான். நாலு பேர்தான் வந்தார்கள்.

மாசியில் ஒரு சாயங்காலம் கெங்கம்மாவே நீலமேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் கேட்டுக்கேட்டு அழுகிறான், பத்து நிமிஷம் ஆடட்டும் என்றாள். அவன் நன்றாகத்தான் ஓடினான். ஒருமுறை சிரிக்கவும் செய்தான். அப்போது யாரோ உதைத்த துணிப்பந்து அவன் மார்பளவு எழும்பியது. நீலமேகம் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். பந்து அவனைத் தாண்டிப் போய் விழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஞானதுரை போய் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். தொடக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. கெங்கம்மா வந்து மகனை எழுப்பி, மண்ணைத் தட்டிவிட்டு, கையைப் பிடித்து நடத்திப் போனாள். அடுத்த ஞாயிறு அழைத்து வருவாயா என்று கேட்க நினைத்தான். கேட்காமலே போய்த் துணிப்பந்தை எடுத்துவந்தான்.