எட்டும் நல்லா இருக்கா

பின்னறைக் கதவோரம் நாற்காலியைப் போட்டு, கால்களைத் தரையில் படாமல் மேலே மடக்கி வைத்துக்கொண்டு, ஆறடி தள்ளிக் கிடந்த நாயைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் துணி அளக்கும் மரக்கோல். கிரேட் டேன் ஜாதி நாய். நின்றால் அவள் இடுப்புக்கு வரும், படுத்தால் ஒரு கட்டிலின் இடம் வேண்டும். அவள் கணவர் அதை மகாராணி என்பார். அவளுக்கு அது "உங்க குதிரை". ஏழு வயதில் தெருநாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியதிலிருந்து நாயைக் கண்டாலே அவள் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். நாய் என்றால் உயிரை விடுகிற மனிதருக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள். சண்டை வராமலிருக்க வீட்டையே பிரித்துக்கொண்டார்கள். தையல் மிஷின் இருக்கும் முன்னறையும் சமையலறையும் அவளுக்கு. பின்னறை அவருக்கும் குதிரைக்கும். நான்கு வருடங்களில் ஒரு தடவைகூட அவள் அதைத் தொட்டதில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான அவர் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து காலை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டார். மூன்று வாரமாவது ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும் என்றார்கள். துணைக்கு அவருடைய அக்கா போய்விட்டார். விழுந்த நான்காம் நாள் நாய் குட்டி போட்டது. எட்டுக் குட்டிகள். கடைசிக் குட்டி வெளியே வரும்வரை கூடவே இருந்த கால்நடை டாக்டரம்மா, கிளம்பும்போது கை துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இதுக்குத் தன் உடம்போட கனம் தெரியாதும்மா. குட்டி மேலயே படுத்துடும். மூணு வாரத்துக்கு யாராவது கூடவே இருக்கணும். பெட்டிக்குள்ளயே உக்காந்துக்கங்க."

"உள்ளயா?"

"உள்ளதான்."

நாய்க்காக அவர் செய்திருந்த பெட்டி அது. முழங்கால் உயரப் பலகை. அதன் உட்பக்கம் நெடுக ஒரு சட்டம் அடித்திருந்தார். தாய் சுவரோரம் சாய்ந்தாலும் சட்டத்துக்கு அடியில் குட்டிக்கு ஒரு சாண் இடம் கிடைக்கும். மூன்று பக்கம் முடித்துவிட்டார். நாலாவது சட்டம் பென்சில் கோடு போட்டபடி சுவரில் சாய்ந்து நின்றது.

டாக்டரம்மா சொன்னதை அவள் பாதி கேட்டாள். கூடவே இருந்தாள். ஆனால் நாற்காலியில்.

இரண்டாம் நாள் மதியம் நாய் எழுந்து தண்ணீர் குடித்தது. திரும்பி வந்து, தன்னைத்தானே இரண்டு சுற்றுச் சுற்றி, சட்டம் இல்லாத பக்கமாகப் படுத்தது. அதற்கு அடியிலிருந்து எண்ணெய் போடாத கீல்போல ஒரு சத்தம் வந்தது. அவள் எழுந்துவிட்டாள். "ஏய், எந்திரி" என்றாள். மரக்கோலால் பலகையைத் தட்டினாள். நாய் அவளை நிமிர்ந்து பார்த்ததே தவிர அசையவில்லை. பெட்டியோரம் வரை போனாள். அந்தப் பெரிய வாயைப் பார்த்தாள். பின்வாங்கினாள். பிஸ்கட்டைக் காட்டினால் எழுந்து வரும் என்று சமையலறைக்கு ஓடினாள். எழுந்தும் வந்தது. ஆனால் அதற்குள் சத்தம் நின்றிருந்தது.

முதுகில் மை கொட்டினாற்போல் கறுப்புத் திட்டுள்ள குட்டி. தையல் துணியில் மிச்சப்பட்ட ஒரு துண்டால் அதை எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. அவள் வாழ்நாளில் கையில் எடுத்த முதல் நாய் அதுதான். பின்சுவரோரம் குழி தோண்டிவிட்டு மண் கையோடு உள்ளே வந்தபோது போன் அடித்தது.

"எட்டும் நல்லா இருக்கா?" என்று கேட்டார் அவர். குரல் சோர்ந்திருந்தது. காலையில்தான் ஆபரேஷன் முடிந்திருந்தது.

"ம். இருக்கு."

போனை வைத்துவிட்டுச் சுத்தியலையும் ஆணியையும் தேடி எடுத்து, நாலாவது சட்டத்தைத் தூக்கிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் காலை வைத்தாள். நாய் அவள் பாதத்திலிருந்து முழங்கால் வரை மோந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "கடிச்சா கடிச்சுக்கோ போ" என்றாள். அது பெருமூச்சு விட்டுத் தலையைக் கீழே வைத்துவிட்டது. ஆணி நாலும் கோணலாகத்தான் இறங்கின.

அதன்பிறகு அவள் குடியிருந்ததே பெட்டிக்குள்தான். பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அங்கேயே. ஊசியை மட்டும் எண்ணி எண்ணி எடுத்து வைப்பாள். நாய் எழுந்து திரும்பி வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் குட்டிகளை வாரித் தன் பக்கம் ஒதுக்கிக்கொள்வாள். சில நாளில் அதுவே அவள் ஒதுக்கி முடிக்கும்வரை நின்று, பிறகு படுக்கப் பழகியது. பால் கிடைக்காமல் பின்தங்கிய சின்னதை மடியில் போட்டுப் புட்டியில் ஊட்டினாள். குட்டிகள் கண் திறந்தன. தள்ளாடி நடந்தன. தினமும் ஒரே கேள்வி வந்தது. அவளும் தினமும் ஒரே பதிலைச் சொன்னாள். இன்று சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுப்பாள். அவர் குரலில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தெம்பு வரும். அதைக் கேட்டதும் "ம். இருக்கு" என்றுவிடுவாள்.

குட்டி போட்ட இருபத்துமூன்றாம் நாள் காலை அக்கா அவரை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கட்டுப்போட்ட காலும் இரண்டு ஊன்றுகோலுமாக நேரே பின்னறைக்குத்தான் போனார். அறை வாசலில் ஊன்றுகோல் தட்டியதும் நாய் உறுமியது. அவர் திகைத்து நின்றார். அவள் உள்ளே போய் அதன் கழுத்தில் கை வைத்து, "அவருதான். பாரு, அவருதான்" என்றாள். உறுமல் அடங்கி வால் ஆடியது. அவர் நாயைப் பார்க்கவில்லை. கழுத்தின்மேல் இருந்த அந்தக் கையையே பார்த்தார். பிறகு கோணல் ஆணிகளை. பிறகு உதடு அசைய எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"ஒண்ணு எங்க?"

"ரெண்டாம் நாளே போயிடுச்சு. மேல படுத்துடுச்சு. நான் நாற்காலில உக்காந்திருந்தேன். உள்ள போகப் பயம்."

"தினமும் கேட்டேனே."

"கேட்டீங்க."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல."

அடிபட்டுக் கிடக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று தனக்கே சொல்லிக்கொண்ட காரணம் அவர் முகத்துக்கு எதிரே நிற்கவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு யாரையாவது வரவழைத்திருப்பார், அவள் முன்னறைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதுவும் ஒரு காரணம் என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"எங்க புதைச்ச?"

காட்டினாள். ஜன்னல் வழியாகப் பின்சுவரைப் பார்த்தார். "அந்தச் சட்டத்த நான் அடிச்சு முடிச்சிருக்கணும்" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். அவள் பக்கம் திரும்பவில்லை. "என்னைக் கீழ உக்கார வை."

அக்குளில் கை கொடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் இறக்கினாள். பலகைமேல் எக்கிப் பார்த்த குட்டிகளில் இரண்டைத் தூக்கித் தன் பக்கத்தில் விட்டார். அதில் ஒன்று கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த அவர் கட்டைவிரலைச் சப்பப் பார்த்தது.

"நீ போய்ப் படு. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு" என்றார். குரல் இன்னும் கனிந்திருக்கவில்லை.

முன்னறையில், மிஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். உடம்பெல்லாம் பால் வாடை. தூக்கம் வரும் என்று தோன்றவில்லை. அங்கே அவர் நாயிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வார்த்தை புரியவில்லை. நகங்கள் தரையில் தட்டும் ஓசை எழுந்து நெருங்கி வந்தது. இந்த அறைக்கு அது என்றுமே வந்ததில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் நிலைப்படியில் நின்று, இரண்டு சுற்றுச் சுற்ற இடம் போதாமல், அப்படியே குறுக்கே சாய்ந்து நீட்டிப் படுத்தது. தலை அவள் பாயின் ஓரத்தில் இருந்தது. வால் அந்த அறையில், அவருக்கு எட்டும் தூரத்தில், தரையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.